பூட்டிக் கிடந்த பள்ளிக்கு நான் கட்டிய கட்டணம்

2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதக் கடைசியில், ஐந்து மாதங்களாகப் பூட்டிக் கிடந்த ஒரு மழலையர் பள்ளிக்கு நான் 7,200 ரூபாய் கட்டினேன். என் மகளுக்கு அப்போது மூன்றரை வயது. அந்தப் பணத்துக்கு ஈடாக அவள் ஒரு நாள்கூட வகுப்பில் உட்காரவில்லை, ஒரு நாள்கூடப் பள்ளி வேனில் ஏறவில்லை. ஆனாலும் கட்டினேன். அது மடத்தனம் என்று என் மச்சினன் அன்றைக்கே சொன்னான். இன்றைக்கும் குடும்ப விசேஷங்களில் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் அந்தப் பேச்சை எடுக்காமல் விடுவதில்லை. அவனுக்கு ஒவ்வொரு முறையும் அரைகுறையாகவே பதில் சொல்லியிருக்கிறேன் என்பதால், நடந்ததைக் கணக்கோடு எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கணக்குதான் என் தொழில். கானாடுகாத்தானில், பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை விடுதியாக மாற்றி நடத்துகிற இடத்தில் வரவு செலவு பார்க்கிறேன்; காரைக்குடியில் கழனிவாசல் பக்கம் குடியிருந்து தினமும் பைக்கில் போய் வருகிறேன். எங்களுக்குச் சம்பாத்தியம் நவம்பரிலிருந்து மார்ச் வரைதான். வெயில் ஏறிவிட்டால் வெளிநாட்டவர் வருவது குறைந்துவிடும், அதன் பிறகு சினிமாப் படப்பிடிப்புக்காரர்களும் கல்யாண வீட்டார்களும் வந்தால் உண்டு. 2020 மார்ச் 13 முதல் வெளிநாட்டவரின் விசாக்களை மத்திய அரசு நிறுத்திவைத்தது. அந்த மாதம் 20ஆம் தேதி ஆறு அறைகளில் நான்கு இரவுகள் தங்குவதாக இருந்த பிரெஞ்சுக் குழு வரவில்லை. 24ஆம் தேதி இரவு நாடு முழுவதற்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் மாதம் முதல் என் சம்பளம் 18,000 ரூபாயிலிருந்து 9,000 ரூபாயாகக் குறைந்தது. மருந்துக்கடையில் பில் போடும் என் மனைவிக்கு மட்டும் சம்பளம் குறையவில்லை, வேலை நேரம்தான் கூடியது.

மகளை 2019 அக்டோபர் 8ஆம் தேதி, விஜயதசமியன்று, ப்ரீ-கேஜியில் சேர்த்திருந்தோம். பித்தளைத் தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியில் அவள் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைத்தவர், பின்னர் அவளுக்கு வகுப்பாசிரியையாகவே அமைந்தார். பள்ளி என்றால் பெரிய கட்டடம் ஒன்றுமில்லை. வாடகைக்கு எடுத்த பழைய வீடு ஒன்றின் முகப்பில் அலுவலகம், வளவு என்கிற உள்கட்டைச் சுற்றியிருக்கும் தாழ்வாரத்தில் மூன்று வகுப்புகள், நடு முற்றத்தில் சறுக்குமரமும் ஒரு மணல் குழியும். தாழ்வாரத் தூண்களுக்கு இடையே ஒரு நீளப் பலகையை அறைந்து, பிள்ளைகள் பை மாட்டுவதற்குக் கொக்கிகள் வைத்திருந்தார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகள் தங்கள் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு கொக்கிக்கு மேலும் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். என் மகளுடையது அணில். ஒரு பள்ளியைப் பற்றி நல்லபடியாக நினைப்பதற்கு எனக்கு அந்த அணில் போதுமாக இருந்தது.

கட்டணமும் காரைக்குடிக்கு நடுத்தரம்தான். ஆண்டுக்கு மூன்று பருவம், பருவத்துக்கு 6,000 ரூபாய் கல்விக் கட்டணம். அது தவிரச் செயல்பாட்டுக் கட்டணம் என்ற பெயரில் 2,500 ரூபாய், வேனுக்கு மாதம் 600 ரூபாய். செயல்பாட்டுக் கட்டணம் என்றால் என்ன என்று சேர்த்த அன்றே கேட்டேன். நிறங்கள், மாறுவேடப் போட்டி, ஆண்டு விழா என்று சொன்னார்கள். நிறங்கள் சரி, ஆண்டு விழாவுக்குத் தனியாக வேறு வாங்கினார்கள் என்பதை இங்கே குறித்துவைக்கிறேன்.

மார்ச் மத்தியில் தமிழகத்தில் பள்ளிகள் மூடப்பட்டன. மழலையர் வகுப்புகளுக்குத்தான் முதலில் விடுமுறை விட்டார்கள். ஏப்ரல் 20ஆம் தேதி, ஊரடங்குக் காலத்தில் கட்டணம் கேட்டுப் பெற்றோரை நெருக்கக் கூடாது என்று தனியார் பள்ளிகளுக்கு மாநில அரசு உத்தரவிட்டது. அதனால் மே மாதம் வரை பள்ளியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஜூன் மாதத்தில் எல்கேஜி முதல் பருவக் கட்டணத்தைக் கட்டும்படி குறுஞ்செய்தி வந்ததும் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் தீப்பற்றிக்கொண்டது. பூட்டிய ஓட்டலில் சாப்பாட்டுக்குக் காசு கேட்பதுபோல் இருக்கிறது என்றார் ஒருவர். கைப்பேசியில் பாட்டுப் போட்டுக் காட்டுவதற்கு ஆறாயிரமா, அதை யூடியூப் இலவசமாகவே காட்டுகிறதே என்றார் இன்னொருவர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் ஜூலையில் வெளியிட்ட ‘ப்ரக்யாதா’ என்ற வழிகாட்டுதலே, மழலையர் வயதுப் பிள்ளைகளைப் பொறுத்தவரை ஒரு நாளில் அரை மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, அதுவும் பெற்றோரோடு பேசி வழிகாட்டுவதற்குத்தான் என்று சொல்லியது. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இணையத்தில் பாடம் நடத்திவிட்டுக் கட்டணம் கேட்கலாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு அப்படிக்கூட நடத்த முடியாது, நடத்தவும் கூடாது. பள்ளி கொடுக்க வேண்டிய பொருளே, மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து மணலில் உருளுவதும், சோற்றுடப்பாவைத் தானே திறக்கக் கற்றுக்கொள்வதும், அழுது முடித்த பிறகு ஒரு மிஸ்ஸின் மடியில் உட்கார்ந்திருப்பதும்தானே. அவற்றில் எதைக் கைப்பேசி வழியாக அனுப்புவது?

இந்த இடத்தில்தான் உயர் நீதிமன்றம் வந்தது. தனியார் பள்ளிகள் தொடுத்த வழக்கில், 2020 ஜூலை 17ஆம் தேதி நீதிபதி ந. ஆனந்த் வெங்கடேஷ் ஓர் இடைக்கால ஏற்பாட்டைச் சொன்னார். முந்தைய ஆண்டின் கல்விக் கட்டணத்தை அடிப்படையாக வைத்து, அதில் 40 விழுக்காட்டை ஆகஸ்ட் 31ஆம் தேதிக்குள் பள்ளிகள் முன்பணமாக வாங்கிக்கொள்ளலாம். பள்ளி திறந்து இரண்டு மாதங்களுக்குள் இன்னொரு 35 விழுக்காட்டை வாங்கிக்கொள்ளலாம். எங்கள் பள்ளிக் கணக்கில் 18,000 ரூபாயில் 40 விழுக்காடு 7,200. 35 விழுக்காடு 6,300. தாளாளர் அம்மா அந்த உத்தரவின் பத்திரிகைச் செய்தியை நகலெடுத்துக் குழுவில் போட்டு, அதற்குக் கீழே வங்கிக் கணக்கு எண்ணையும் போட்டார். மச்சினன் தன் மகனுக்குக் கட்ட முடியாது என்று குழுவிலேயே எழுதினான். அவன் கேட்டரிங் தொழில் செய்கிறவன். அந்த வருடம் பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாத முகூர்த்தங்களும் அவனுக்குக் கையை விட்டுப் போயிருந்தன. சமைக்காத கல்யாணத்துக்கு நான் யாரிடமாவது காசு கேட்டேனா என்பது அவன் கேள்வி.

நான் கேட்டிருந்தேன். அதுதான் எனக்கு முள்ளாகக் குத்தியது. வராமல் போன அந்தப் பிரெஞ்சுக் குழுவுக்கு ஏற்பாடு செய்த முகவர் 84,000 ரூபாய் முன்பணம் கட்டியிருந்தார். அதைத் திருப்பிக் கேட்டு அவர் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் முதலாளியின் சொல்படி பதில் எழுதியவன் நான். உங்களுக்காக அறைகளை ஒதுக்கி வைத்திருந்தோம், தங்கினாலும் தங்காவிட்டாலும் வேலையாட்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும், மூன்றில் ஒரு பங்கான 28,000 ரூபாயை இப்போது திருப்பித் தருகிறோம், மீதியை இரண்டு வருடத்துக்குள் எப்போது வந்தாலும் கழித்துக்கொள்கிறோம் என்று மிகவும் பணிவான மொழியில் எழுதினேன். அவரும் ஒப்புக்கொண்டார். பகலில் அப்படி எழுதிவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து, நடக்காத வகுப்புக்குக் காசு எதற்கு என்று பள்ளிக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. என் பாதிச் சம்பளமே, யாரும் தங்காத அறைகளின் பெயரால் வந்துகொண்டிருந்த பணம்தான்.

இதில் எங்கள் ஊரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பூட்டிக் கிடக்கிற இடத்துக்குப் பணம் செலவழிப்பது செட்டிநாட்டில் விசித்திரமான காரியம் அல்ல. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் கோட்டையூரிலும் தெருத்தெருவாக நிற்கிற பெரிய வீடுகளில் பல, ஆண்டில் பத்து மாதத்துக்கு மேல் பூட்டித்தான் கிடக்கின்றன. பங்காளிகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். ஒரு கல்யாணம், அறுபது நிறைந்தவருக்கு ஒரு சாந்தி, ஒரு திருவிழா என்றால் வந்து திறப்பார்கள். ஆனால் காவல்காரருக்கும் பெருக்கித் துடைக்கிறவருக்கும் மாதாமாதம் சம்பளம் போய்க்கொண்டே இருக்கும். ஒரு மழைக்காலம் யாரும் பார்க்காமல் விட்டால் ஓடு விலகி, தண்ணீர் சுவரில் இறங்கி, தேக்கு உத்திரத்தைக் கெடுத்துவிடும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைத் துடைத்துப் புழங்கிக்கொண்டே இருந்தால்தான் அதற்குப் பளபளப்பு. ஆள் புழங்காத அறையில் அது மங்கிப்போகும். திறக்கிற நாளில் வீடு வீடாக இருக்க வேண்டும் என்றால் பூட்டியிருக்கிற நாளுக்கும் சேர்த்துத்தான் செலவழிக்க வேண்டும் என்பதை எங்கள் முதலாளியின் தாயார், அந்த ஆச்சி, ஒரு பாடம்போல் எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். நகரத்தார் தங்கள் கோயிலுக்குப் புள்ளி வரி கட்டுவதுகூட இப்படித்தான். கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் கோயில் கணக்கில் ஒரு புள்ளி. குடும்பம் எந்தத் தேசத்தில் இருந்தாலும், அந்த வருடம் கோயிலுக்கு வந்தாலும் வராவிட்டாலும், புள்ளி இருந்தால் வரி உண்டு.

ஆகவே கட்டினேன். மனைவி தன் சம்பளத்திலிருந்து 4,000 ரூபாய் தந்தாள். மீதியை நான் போட்டேன். கணக்குப்பிள்ளைப் புத்தி போகாமல், ரசீதில் ‘கல்விக் கட்டணம்’ என்று தெளிவாக எழுதித் தரும்படி கேட்டு வாங்கினேன். அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவு, மழலையர் பள்ளிக்குக் கட்டும் கல்விக் கட்டணத்தையும் வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ள அனுமதித்தது. நன்கொடை, வளர்ச்சி நிதி போன்றவற்றுக்கு அனுமதியில்லை. அந்த வருடம் வரி கட்டுகிற நிலையில் நான் இல்லை என்பது வேறு விஷயம்.

கட்டிய பத்துப் பதினைந்து நாட்களுக்குள், செப்டம்பரில், ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். இடைவெளிக்காகத் தரையில் சுண்ணாம்பால் வட்டங்கள் போட்டிருந்தார்கள். எனக்கு இரண்டு வட்டம் முன்னால், துணிப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றவர் திரும்பிப் பார்த்து, “பாப்பா அப்பாதானே?” என்றார். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களை வைத்து எனக்கு அடையாளம் தெரியவில்லை. குரலை வைத்துத்தான் மகளுடைய மிஸ் என்று தெரிந்துகொண்டேன். அந்த ஐந்து மாதங்களில் வாரத்துக்கு இரண்டு முறையாவது அவர் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசியிருந்தார். ஒரு நாள், புளியங்கொட்டைகளைத் தரையில் அடுக்கி ஐந்து வரை எண்ணிக் காட்டும் காணொலியை அனுப்பியிருந்தார். அதன் பின்னணியில் குக்கர் விசிலடித்ததும் என் மகள் அந்த விசிலையும் சேர்த்து ஆறு என்று எண்ணினாள்.

“இன்னும் எடது கையாலதான் வரையிறாளா?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

“அப்பத்தா மாத்தச் சொல்லுவாங்க. வேண்டாம்னு சொல்லிப்புடுங்க. அவளுக்கு அதுதான் கை.”

என் அம்மா உண்மையிலேயே அந்த வாரம் முழுவதும் மகளின் இடது கையிலிருந்து கிரேயானைப் பிடுங்கி வலது கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். அதை மிஸ்ஸிடம் யாரும் சொல்லவில்லை. பேச்சுவாக்கில், பள்ளியில் பாதிப் பணமாவது வந்திருக்குமே, உங்களுக்குச் சம்பளம் சரியாக வருகிறதா என்று கேட்டேன். மார்ச் மாதச் சம்பளம்தான் கடைசி என்றார். புகார் சொல்கிற தொனியே இல்லாமல், மழை இன்னும் வரவில்லை என்று சொல்வதுபோல் சொன்னார். அவருடைய சம்பளம் மாதம் 6,500 ரூபாய்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். ஆசிரியைகள் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காகத்தானே கட்டினோம். நீதிமன்றத்தில் பள்ளிகள் வைத்த வாதமும் அதுதானே? மறுநாள் காலையில் கானாடுகாத்தான் போகும் வழியில் பள்ளியில் இறங்கினேன். சண்டைக்குத்தான் போனேன். தாளாளர் அம்மா, தூசி படிந்த சறுக்குமரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு நோட்டில் எதையோ கூட்டிக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் மறுத்துப் பேசவில்லை. நோட்டை என் பக்கம் திருப்பி, “நீங்க கணக்குப் பாக்குறவர்தானே சார், நீங்களே பாருங்க” என்றார்.

பார்த்தேன். பள்ளியில் 64 பிள்ளைகள். நான்கு ஆசிரியைகளுக்கு 26,000 ரூபாய், இரண்டு ஆயாக்களுக்கு 8,000 ரூபாய், கட்டட வாடகை 15,000 ரூபாய், வேன் கடன் தவணை 11,000 ரூபாய். மின்சாரம், சில்லறைச் செலவுகளைச் சேர்க்காமலேயே மாதம் 60,000 ரூபாய். பிள்ளைகள் வந்துகொண்டிருந்த காலத்தில் கல்விக் கட்டணமாக மாதம் சராசரி 96,000 ரூபாய் வந்திருக்கிறது. கையில் கொஞ்சம் நின்றிருக்க வேண்டும், ஆனால் அதெல்லாம் முந்தைய வருடம் கழிப்பறை கட்டியதிலும் வேன் முன்பணத்திலும் போயிருந்தது. 40 விழுக்காட்டுக் கட்டணத்தை 64 பேரும் கட்டியிருந்தால் 4,60,800 ரூபாய் வந்திருக்கும். கட்டியவர்கள் 23 பேர். வந்தது 1,65,600 ரூபாய். அதில் 75,000 ரூபாய், ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையிலான ஐந்து மாத வாடகைப் பாக்கியாக வீட்டுக்காரருக்குப் போய்விட்டது. வீட்டுக்காரர் மலேசியாவில் இருக்கிறார். தம்முடைய சொந்த வீட்டைப் பூட்டிப்போட்டுக் காவல்காரருக்குச் சம்பளம் அனுப்புகிறவர்தான் அவரும். பூட்டியிருக்கிற பள்ளிக்கு வாடகையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

அந்த அம்மாளை நான் நல்லவர் என்றும் சொல்லவில்லை, கெட்டவர் என்றும் சொல்லவில்லை. ஆசிரியைகள் கேட்க மாட்டார்கள், வீட்டுக்காரர் கேட்பார். கேட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டார். கணக்கு எழுதுகிற எல்லா இடங்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன். மீதி 90,600 ரூபாயை அவர் கையில் வைத்திருந்தார். வங்கிக் கடன் தவணைகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுத்திருந்த அவகாசம் ஆகஸ்ட் 31ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், அந்தப் பணத்தை வேன் தவணைக்கு என்று எடுத்து வைத்திருந்தார். ஓடாத வேனுக்கா என்று கேட்டேன். ஓடாவிட்டாலும் வங்கிக்காரன் விடுவானா என்றார்.

அரை மணி நேரம் உட்கார்ந்து, நோட்டின் பின்பக்கத்தில் இருவருமாகக் கணக்குப் போட்டோம். பாதிச் சம்பளம் என்றால் ஆறு பேருக்கும் சேர்த்து மாதம் 17,000 ரூபாய். ஐந்து மாதத்துக்கு 85,000. கையிலிருப்பதில் அதைக் கொடுத்தாலும் 5,600 ரூபாய் மிஞ்சும். வேனை விற்றுக் கடனை அடைத்துவிட வேண்டும். இனிமேல் பாதி வாடகைதான் என்று வீட்டுக்காரருக்கு எழுத வேண்டும்; முடியாது என்றால் அந்த வீட்டுக்கு இந்தக் காலத்தில் வேறு யார் குடிவருவார்கள் என்று அவரே யோசித்துப் பார்க்கட்டும். அந்தக் கடிதத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். பிரெஞ்சுக் குழுவின் முகவருக்கு எழுதி எழுதிக் கை பழகியிருந்தது. வேன் அக்டோபரில் கைமாறியது. வாடகை 7,500 ரூபாய்க்கு வந்தது. ஆசிரியைகளுக்குச் செப்டம்பர் மாதத்திலிருந்து பாதிச் சம்பளம் கொடுக்கப்பட்டது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களுக்கு ஒன்றுமே கொடுக்கப்படவில்லை. அதை இரண்டு முறை கேட்டேன், பதில் வரவில்லை. மூன்றாவது முறை கேட்காமல் விட்டது என் குறை.

இதற்கிடையே என் அம்மா வேறொரு பக்கத்திலிருந்து எங்களைக் குடைந்துகொண்டிருந்தார். தெருக்கோடியில் அங்கன்வாடி இருக்கும்போது தனியார் பள்ளியில் சேர்த்ததே வீண் என்பது அவருடைய கட்சி. அவர் சொன்னதைத் தள்ளிவிட முடியவில்லை. அங்கன்வாடியும் அப்போது மூடித்தான் இருந்தது. ஆனாலும் அதன் பணியாளர் சத்துமாவுப் பொட்டலங்களை வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் மகளின் பெயர் அங்கே இல்லை, ஆனாலும் வாசலில் நின்று, பிள்ளை என்ன எடை இருக்கிறாள் என்று கேட்டுவிட்டுப் போனார். அவருக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது. தமிழகத்தில் ஐம்பத்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளையும் தொடங்கியிருந்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று இருந்ததா என்று நான் விசாரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஆங்கில எழுத்து, வேன், டை என்று எல்லாரும் போகிற வழியிலேயே போனோம். ஒரே ஊரில் மூன்று வயதுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இரண்டு பெண்களில், ஒருவருக்குப் பெருந்தொற்றிலும் சம்பளம் நிற்கவில்லை, இன்னொருவருக்கு 23 பெற்றோரின் மனநிலையைப் பொறுத்து வந்தது.

மச்சினன் கடைசிவரை கட்டவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பாதிச் சம்பளமாவது வந்துகொண்டிருந்த நான் வேறு, ஒரு பைசா வராத அவன் வேறு. 40 விழுக்காடு என்று நீதிமன்றம் ஒரே கோடாகப் போட்ட இடத்தில் எனக்குப் பட்ட குறையும் அதுதான். மறு வருடம் அந்தக் குறையை ஓரளவு சரிசெய்தார்கள். 2021 மே மாதத்தில், ராஜஸ்தான் தனியார் பள்ளிகளின் வழக்கில், பூட்டியிருந்த காலத்தில் டீசல், மின்சாரம், தண்ணீர், பராமரிப்பு என்று பள்ளிகளுக்கு மிச்சமானதைப் பெற்றோருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சொல்லி, கட்டணத்தில் 15 விழுக்காட்டைக் குறைத்தது உச்ச நீதிமன்றம். அதே ஆண்டு ஜூலை இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம், வருமானம் குறையாதவர்கள் 85 விழுக்காடும், வருமானத்தை இழந்தவர்கள் 75 விழுக்காடும் ஆறு தவணைகளில் கட்டலாம் என்று பிரித்துச் சொன்னது. நான் இரண்டாவது வகையில் எழுதிக் கொடுத்து, யுகேஜிக்கு 2,250 ரூபாய் வீதம் ஆறு தவணைகளாகக் கட்டினேன். ஒவ்வொரு தவணைக்கும் முன்னால், போன மாதச் சம்பளம் கொடுத்தாகிவிட்டதா என்று கேட்ட பிறகே பணம் அனுப்பினேன். தாளாளர் அம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் சம்பளப் பதிவேட்டின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார்.

மழலையர் பள்ளிகள் 2022 பிப்ரவரி 16ஆம் தேதி, ஒரு புதன்கிழமை திறந்தன. எல்லா வகுப்புகளும் திறந்த பிறகு, கடைசியாக. மகளுக்கு ஐந்து வயது நிறைந்திருந்தது. தாழ்வாரத்தில் அணில் படம் ஒட்டிய கொக்கி அப்படியே இருந்தது. ப்ரீ-கேஜியில் எக்கி எக்கிப் பை மாட்டியவள், இப்போது குனிந்து மாட்ட வேண்டியிருந்தது. 64 பிள்ளைகளில் 31 பேர் வந்திருந்தார்கள். நான்கு ஆசிரியைகளில் இருவர் வந்திருந்தார்கள். என் மகளின் மிஸ் வரவில்லை. பாதிச் சம்பளமும் 2021 இரண்டாம் அலையில் இரண்டு மாதம் நின்றுபோனதால் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இரண்டு மாதத்துக்குள் கட்ட வேண்டிய அந்தப் பழைய 35 விழுக்காடு, 6,300 ரூபாய், ஏப்ரல் 16ஆம் தேதிக்குள் கட்ட வேண்டியதாக இருந்தது. யாருக்காகக் கட்டினேனோ அவரே அங்கே இல்லாதபோது எதற்கு என்று மனைவி கேட்டாள். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. இருக்கிற இரண்டு பேருக்காவது போகட்டும் என்று ஏப்ரல் முதல் வாரத்தில் கட்டிவிட்டேன்.

ஜூன் மாதம், ஒன்றாம் வகுப்புச் சீருடைக்குத் துணி எடுக்க ஒரு ஜவுளிக்கடைக்குப் போனோம். சீருடைப் பிரிவில் துணியை விரித்து அளந்துகொண்டிருந்தவர் மிஸ்தான். முகக்கவசம் இல்லாத அவர் முகத்தை என் மகள் அதற்கு முன் பார்த்தது மூன்று வயதில். யாரோ என்று என் காலுக்குப் பின்னால் ஒதுங்கினாள். மிஸ் ஒன்றும் பேசாமல், இரண்டு மீட்டர் அளந்து, அதற்கு மேல் ஒரு சாண் தள்ளித் துணியில் கோடு போடப் போனவர், நிறுத்திவிட்டு, நீல நிறத் தையல் சுண்ணக்கட்டியை அவள் பக்கம் நீட்டினார்.

“நீ போடு பாப்பா.”

மகள் எட்டி வாங்கிக்கொண்டாள், இடது கையால். மிஸ் என்னைப் பார்த்தார்.